மலைத்தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (வாசகி, உதகமண்டலம்): சென்னையில் இருக்கும் என் அக்கா அக்டோபரிலேயே ரோஜாவுக்குக் கவாத்து செய்துவிடுகிறார். நான் டிசம்பர் முதல் வாரத்தில் வெட்டினேன். துளிர்த்ததெல்லாம் பனியில் கருகிவிட்டது. செடி பிழைக்குமா?

பதில்: பிழைக்கும். இப்போதைக்குக் கத்தரியை மட்டும் எடுக்காதீர்கள். வெட்டிய இரண்டு மூன்று வாரத்தில் ரோஜாவின் கண்கள் (துளிர்விடும் மொட்டுகள்) விழித்துக்கொள்ளும். சமவெளியில் அந்தத் தளிரைக் கருக்க உறைபனி கிடையாது. ஊட்டியில் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை எந்த இரவும் உறையலாம். மேகமும் காற்றும் இல்லாத இரவு என்றால் இன்னும் மோசம். தளிரில் உள்ள நீர் உறைந்து திசு கிழிகிறது. விடிந்ததும் வெயில் நேராகப் பட்டால் சேதம் கூடும். கருகிய தளிரைப் பார்க்க மனசு வலிக்கும்தான். ஆனால் கீழே உறங்கும் கண்களுக்கு இப்போது அதுதான் போர்வை. இன்று வெட்டினால் அந்தக் கண்களும் விழித்து, அடுத்த பனியில் கருகும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் வெட்டுங்கள். காய்ந்தது, பென்சிலைவிட மெலிந்தது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட்டு, நல்ல கிளைகள் 4 அல்லது 5 மட்டும் ஒன்றரை அடி உயரத்தில் நிற்கட்டும். வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்கு அரை செ.மீ. மேலே சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டுவாயைப் பாருங்கள்: நடுத்தண்டு வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால் வெள்ளை தெரியும் வரை கீழே இறங்குங்கள். பழுப்பை விட்டுவைத்தால் பின்கருகல் நோய் தண்டு வழியே இறங்கிக் கிளையையே கொல்லும்.

வெட்டுவாயில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும், இரும்பு ஆகாது. கலவையில் ஒரு கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. பிறகு செடிக்கு 5 கிலோ மக்கிய தொழுஉரம் வைத்தால், மலைக் குளிரில் ஏறக்குறைய மூன்று மாதத்தில், மே மாதம் பூக்கும்.

அடுத்த ஆண்டு அக்டோபரோடு யூரியாவை நிறுத்திவிடுங்கள். அதன் தழைச்சத்தால் (நைட்ரஜன்) வரும் இளந்தளிர்தான் பனிக்கு முதல் பலி. தொட்டிச் செடிகளை மாலையிலேயே சாக்கால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். குச்சி நட்டு அதன்மேல் விரியுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள்; காற்றும் புகும், பனியும் தங்காது. மூட மறந்த இரவா? வெயில் படுவதற்கு முன்பே இலைமேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி (வாசகர், குன்னூர்): ரோஜாவோடு சேர்த்து ஹைட்ரேஞ்சியாவையும் ஜனவரியில் வெட்டினேன். இலை செழிக்கிறது, பூ இல்லை. மதில் ஓரத்துச் செடியை மட்டும் வெட்டவில்லை. அதில் பூ வந்தது, ஆனால் நீலம் போய் ரோஸ் ஆகிவிட்டது. மதில் புதிதாகக் கட்டியது.

பதில்: ரோஜா புதுக்கிளையில் பூக்கும். நம் வீடுகளில் உள்ள உருண்டைப் பூ ஹைட்ரேஞ்சியா பழைய கிளையின் நுனியில் பூக்கும். அந்த மொட்டு பனிக்காலத்துக்கு முன்பே உருவாகிவிடுகிறது. ஜனவரியில் நீங்கள் வெட்டி எறிந்தது வரும் கோடையின் பூவை. இந்த ஆண்டு ஒன்றும் செய்ய வேண்டாம். இனிமேல் ஆகஸ்ட், செப்டம்பரில் பூ வாடியதும், கொத்துக்குக் கீழே தடித்த முதல் இணை மொட்டுக்கு மேலே வெட்டுங்கள். முதிர்ந்த கிளைகளில் மூன்றில் ஒன்றை மட்டும் தரையோடு எடுக்கலாம்.

நிறம் மாறியதற்குக் காரணம் மதில். சிமெண்டுச் சுண்ணாம்பு மழையில் கரைந்து மண்ணின் புளிப்பை (அமிலத்தன்மையை) குறைக்கிறது. புளிப்பு குறைந்தால் வேரால் அலுமினியத்தை எடுக்க முடியாது, அலுமினியம் இல்லாமல் நீலம் இல்லை. ஒரு தேக்கரண்டி படிகாரத்தூளை 5 லிட்டர் நீரில் கரைத்து, ஈரமண்ணில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். எலும்புத்தூள் போடாதீர்கள், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அலுமினியத்தைக் கட்டிவிடும். விரிந்த பூ மாறாது. அடுத்த பூவில்தான் தெரியும். மதிலிலிருந்து மூன்றடி தள்ளி நட்டுவிட்டால் இந்தப் பாடே வேண்டாம்.

கேள்வி (வாசகி, கொடைக்கானல்): எடுத்துவைத்த டாலியா கிழங்கு ஆண்டுதோறும் அழுகுகிறது.

பதில்: டாலியாவின் தண்டு குழாய் போன்றது. அரை அடி விட்டு வெட்டித் தோண்டும்போது அந்தக் குழாயில் தண்ணீர் நிற்கும். அழுகல் அங்கிருந்துதான் கிழங்குக்கு இறங்குகிறது. தண்டு கீழ்நோக்க ஒரு வாரம் நிழலில் கவிழ்த்துவைத்து, பிறகு உலர்ந்த மணலில் புதையுங்கள். மார்ச்சில் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் தண்டின் அடிக்கழுத்து ஒட்டியிருக்க வேண்டும். கண் அங்கேதான் இருக்கிறது. கழுத்தில்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது.

கேள்வி (வாசகர், உதகமண்டலம்): கிக்குயு புல்தரை பழுப்பாகிவிட்டது. பெயர்த்துப் புதிதாகப் போடலாமா?

பதில்: வேண்டாம். மேல் இலைதான் காய்ந்திருக்கிறது, மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கிறது. கோடைமழை விழுந்ததும் பச்சை திரும்பும். காலையில் பனி உருகும்வரை அதன்மேல் யாரும் நடக்கக் கூடாது. மிதித்த தடம் கருகி நிற்கும்.

கேள்வி (வாசகர், கோத்தகிரி): மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத்தூளை எப்போது போடுவது?

பதில்: ஏப்ரலில், கோடைமழை ஈரத்தில், சதுர மீட்டருக்கு 200 கிராம். அக்டோபர், நவம்பரில் பெய்யும் அடைமழையில் போட்டால் சரிவோடு ஓடிவிடும். தொழுஉரத்தோடு கலக்காமல் மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்; சேர்த்தால் தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும். புளிப்பு மண்ணை விரும்பும் அசேலியா, கமேலியா, ஹைட்ரேஞ்சியா இருக்கும் பாத்திகளில் ஒரு பிடிகூட வேண்டாம்.