பயோடேட்டாவில் ‘ஹேட்’ எதற்கு?

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2019இல் பி.காம் முடித்து, 2020 முதல் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிவரும் அவர், வேறு வேலைக்காக ஆங்கிலத்தில் பயோடேட்டா தயாரித்தாராம். ‘ஐ கம்ப்ளீட்டட் மை பி.காம் இன் 2019’ என்று அவர் எழுதியதை ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆசிரியர் ‘ஐ ஹேட் கம்ப்ளீட்டட்’ என்றும், டைப் அடித்துத் தந்த கம்ப்யூட்டர் சென்டர்காரர் ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்’ என்றும் மாற்றிவிட்டார்கள். எது சரி என்று கேட்கிறார்.

நீங்கள் எழுதியதுதான் சரி. முடிந்துபோன செயலுக்கு ஆண்டையோ தேதியையோ சொல்லிவிட்டால் சாதாரண இறந்தகாலமே போதும். அங்கே ‘ஹேவ்’ வரக் கூடாது. ‘நேற்றே மனு கொடுத்திருக்கிறேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம் என்பதால் நமக்கு இது இடறுகிறது. ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’யும் ‘ஹேவ்’வும் அப்படிச் சேராது. ஆண்டை விட்டுவிட்டு ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.காம்’ என்றால் பிழையில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது உங்கள் பயோடேட்டாவிலேயே வருகிறது. ‘சின்ஸ் 2020’ என்று எழுதும்போது ஆண்டு இருந்தும் ‘ஹேவ்’ வந்தே தீர வேண்டும், ஏனென்றால் ‘இன் 2019’ என்பது முடிந்துபோன ஒரு புள்ளியையும், ‘சின்ஸ் 2020’ என்பது அங்கே தொடங்கி இன்றுவரை நீளும் காலத்தையும் காட்டுகின்றன. எனவே கடையில் இன்னும் வேலையில் இருக்கும்வரை ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2020’ சரி. வேலையை விட்ட பிறகும் அதையே அனுப்பினால், நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று படிப்பவர் நினைப்பார். அப்போது ‘ஐ வொர்க்ட் தேர்’ என்று தொடங்கி, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு இரண்டையும் எழுத வேண்டும்.

‘ஹேட்’ விஷயத்துக்கு வருவோம். ‘ஹேட்’ போட்டால் மரியாதை, பழைய நிகழ்ச்சி என்றால் ‘ஹேட்’ என்றெல்லாம் கற்றுத்தருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். முப்பது நாளில் சரளமான ஆங்கிலம் என்று விளம்பரம் செய்து, கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் வகுப்புகளில் இந்தச் சரக்குதான் அதிகம் விற்கிறது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்ததைச் சொல்ல ‘கிராஸ்ட்’ போதும். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து எழுதினாலும் அதுவேதான். கடந்தகாலத்தில் இரண்டு செயல்கள் நடந்து, எது முந்தியது என்று காட்ட வேண்டியபோதுதான் ‘ஹேட்’டுக்கு வேலை. வயலில் தண்ணீர் நின்றதற்கு இழப்பீடு கேட்டு ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். ‘வென் தி ஆஃபீசர் கேம், தி வாட்டர் ஹேட் டிரெய்ன்ட்’ என்றால், அதிகாரி வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது, அவர் பார்த்தது சாய்ந்த சம்பாப் பயிரை மட்டுமே என்று பொருள். ‘ஹேட்’டை எடுத்துவிட்டால் அவர் வந்த பிறகுதான் வடிந்தது என்றாகிவிடும். அலுவலக வாசலில் பக்கக் கணக்கில் காசு வாங்கி மனு அடித்துத் தருகிறவர்களுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. பழைய மனுவில் பெயரை மட்டும் மாற்றி வரிக்கு வரி ‘ஹேட்’ தூவிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. பன்னிரண்டு காலங்களை அட்டவணையாக ஒப்பிக்க வைத்து, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி மதிப்பெண் போட்டு அனுப்பும் பள்ளிக்கூடம், ஒரே ஒரு கடிதத்தையாவது மாணவரைச் சொந்தமாக எழுத வைத்துத் திருத்திக் கொடுத்திருந்தால், பி.காம் முடித்தவர் தாம் எழுதிய சரியான வாக்கியத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்க மாட்டார்.

பட்டத்துக்கான வரியை உங்கள் பழைய வடிவத்துக்கே மாற்றுங்கள். மாற்றும்போது சென்டர்காரரிடம் பிடிஎஃப் மட்டும் வாங்காமல் வேர்ட் கோப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு சொல்லைத் திருத்தவும் மறுபடி அவருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.