சென்னை மாடியில அசேலியா வளருமா? கேட்டதும் சொன்னதும்

வேளச்சேரி தங்கச்சி: அக்கா, போன மாசம் ஊட்டியில இருந்து ஒரு அசேலியா (குளிர் மலையில பூக்குற குட்டைப் புதர்ச் செடி) தொட்டி தூக்கிட்டு வந்தேன், வரும்போது கொத்து கொத்தா பூ, இப்போ பூவே இல்ல, இலையெல்லாம் மஞ்சள். நான் என்ன தப்பு பண்ணேன்?

பதில்: தப்பு உன்மேல இல்லம்மா, தண்ணிமேல. ஒரு இலையை வெளிச்சத்துல தூக்கிப் பாரு, நரம்பு மட்டும் பச்சைக் கோடா தெரியும், நடுவுல மஞ்சளா இருக்கும். இரும்புச்சத்து சேரலைன்னு அர்த்தம். அசேலியாவுக்கு அமில மண்ணு வேணும், அதாவது மண்ணு பிஹெச் (அமிலத்தைக் காட்டுற அளவு, 7க்குக் கீழ போனா அமிலம்) 4.5ல இருந்து 6க்குள்ள இருக்கணும், நம்ம போர் தண்ணியில இருக்கற சுண்ணாம்பு அதை ஏத்திவிட்டுடும், அப்புறம் மண்ணுல இரும்பு இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. உரக்கடையில அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கிடைக்கும், லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு வேர்ல ஊத்து, ஆனா தண்ணியை மாத்தாம இதை மட்டும் பண்ணா மறுபடி மஞ்சளாயிடும்.

மடிப்பாக்கம் அண்ணா: ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணி சும்மா வீணாகுதே, அதை ஊத்தலாமா?

பதில்: ஐயோ வேணாம்ணா, உப்பு பூரா அதுலதான் சேர்ந்து வருது! மழைத் தண்ணி பிடிச்சு வைங்க, இல்லைன்னா ஏசி தண்ணி. எங்க வீட்ல ஏசி பைப்புக்கு கீழ பழைய பெயிண்ட் பக்கெட் வெச்சிருக்கேன், ராத்திரி சொட்டினது காலையில ரெண்டு தொட்டிக்கு வரும், அதுல உப்பே கிடையாது. முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் ரெண்டும் சுண்ணாம்பு மாதிரியே பிஹெச்சை ஏத்தும், செடி பக்கத்துலயே கொண்டுபோகக்கூடாது.

வேளச்சேரி தங்கச்சி: அடுத்த வருஷம் திரும்பப் பூக்குமாக்கா?

பதில்: உண்மையைச் சொல்லிடறேன், கஷ்டம்தான். மொட்டு கட்டினாலும் அது நல்லா விரிய சில வாரம் நல்ல குளிர் வேணும், நமக்கு ஜனவரி ராத்திரியிலயே 20 டிகிரி. அக்னி நட்சத்திரத்துல 40 தாண்டும். நீலகிரி சோலையில காட்டுப்பூவரசுன்னு சிவப்பா பூக்குற மரம் இருக்கே, அது இதோட சொந்தம், குளிர்லயே பிறந்த குடும்பம். உயிரோட வெச்சிருக்கணும்னா காலை வெயில் மட்டும் படற இடம், அகலமான தொட்டி, நல்லா அலசின கோகோபீட்டோட (தேங்காய் நார்த்தூள்) இலை மட்கு. வேர் நூல் மாதிரி மேலயே ஓடும், அதனால கொத்தாதே, சவுக்குச் சருகு போட்டு மூடிவிடு.

தாம்பரம் அம்மா: எங்க நாய்க்குட்டி இலையைக் கடிக்குதுங்க.

பதில்: உடனே தொட்டியை உயரத்துல வைங்கம்மா, இலை பூ எல்லாமே விஷம். வாந்தி எடுத்தாலோ சோர்ந்து படுத்தாலோ காத்திருக்காம டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

பெரம்பூர் தம்பி: அப்போ அந்த மாதிரி குட்டையா, எப்பவும் பச்சையா நம்ம ஊருக்கு என்னதான்க்கா வைக்கறது?

பதில்: குட்டை இட்லிப்பூ வைடா தம்பி, முருகனுக்குச் சாத்தற வெட்சிக்குச் சொந்தம். இதுக்கும் அதே அமில மண்ணுதான் பிடிக்கும், அதே ஏசி தண்ணிதான், ஆனா வெயிலை ஆசையா வாங்கிக்கும். ஒரு சுத்து பூ முடிஞ்சதும் நுனியை வெட்டு, புதுத் துளிர் வந்து அதுல திரும்பக் கொத்து வைக்கும்.