பிஏசி விசாரிப்பதால் அரசு நிறுவனங்களின் செலவு முறை மாறுகிறதா?

மலேசிய நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, அதாவது பிஏசி, அரசு நிறுவனங்களின் கணக்கைக் கிளறுவதால் ஏதாவது பயன் உண்டா, வெறும் சடங்குதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் உண்டு. கோலாலம்பூரில் அரசு சார்ந்த நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் 11 ஆண்டுகள் இருந்தவள் நான். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு டிசம்பர் 29ஆம் தேதி, 60 நாற்காலிகளுக்கான டெலிவரி ஆர்டர் என் மேசைக்கு வந்தது. "நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்ற வரியின் கீழ் கையொப்பமும் முத்திரையும் இருந்தன. பொருள் கிடங்கிலோ ஒரு நாற்காலிகூட இல்லை. மேலாளரிடம் போய்க் கேட்டேன். "இந்த ஆண்டுப் பணத்தை இந்த ஆண்டே முடிக்க வேண்டும், தங்கச்சி. மிச்சம் வைத்தால் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைத்துவிடுவார்கள்" என்றார். நாற்காலிகள் பிப்ரவரியில் வந்து சேர்ந்தன.

பிறகு கணக்காய்வுக்கு வந்த ஓர் இளம்பெண் என் கோப்பை அதிகம் புரட்டவே இல்லை. நேரே வாசலுக்குப் போய், காவலர் வைத்திருந்த வாகனப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். லாரி எண்ணும் தேதியும் அதில் இருந்தன. கோப்பில் டிசம்பர், பதிவேட்டில் பிப்ரவரி. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அந்த வவுச்சரைத் தயாரித்தவள் நான்தானே.

அவர் எழுதிய கணக்காய்வுக் குறிப்பு எங்கள் அலுவலகத்தோடு நின்றது. பெரிய குறைகள் மேலே போகும். அரசியலமைப்பின் 107ஆம் பிரிவின்படி தேசியத் தலைமைக் கணக்காய்வாளர் தம் அறிக்கையை மாமன்னரிடம் அளிக்கிறார். அது மக்களவையில் வைக்கப்படுகிறது. அங்கிருந்து பிஏசி எடுத்துக்கொண்டு, அமைச்சின் தலைமைச் செயலாளரை அழைத்து உட்காரவைத்துக் கேட்கும். குழுவால் யார் மீதும் வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் செலவுக்குப் பொறுப்பான அதிகாரி தம் வாயால் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் பதிவாகும். அதிகாரிகள் அஞ்சுவது இதற்குத்தான். எங்கள் அமைச்சின் கீழிருந்த வேறொரு நிறுவனம் பிஏசிக்கு அழைக்கப்பட்ட மறுவாரமே எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது: இனி டெலிவரி ஆர்டரோடு வாசல் பதிவேட்டின் நகலையும் இணைக்க வேண்டும். எங்களை யாரும் அழைக்கவில்லை. அழைப்பு வரலாம் என்ற எண்ணமே போதுமாக இருந்தது.

பிஏசி விசாரணையின் பெரிய குறை, பணம் போன பிறகே விழித்துக்கொள்வது. கடற்படையின் கரையோரப் போர்க்கப்பல் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் பிஏசி வெளியிட்ட அறிக்கை, 6 கப்பல்களுக்கான 912 கோடியே 80 லட்சம் வெள்ளியில் 608 கோடி வெள்ளி கொடுக்கப்பட்டும் ஒரு கப்பல்கூட முடியவில்லை என்று சொன்னது. அறிக்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 608 கோடி போகும்வரை நாடாளுமன்றத்தில் ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறிக்கொண்டுதான் இருந்தது. அந்தத் திட்டத்தை அமைச்சு வாரியாக அலசும் குழு நிலை விவாதம் நடக்கிறதே, கேட்க வேண்டிய இடம் அதுதான். அங்கே பல உறுப்பினர்கள் தம் தொகுதிச் சாலையையும் பள்ளியையும் பற்றிப் பேசி அமர்ந்துவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் நிறுவனத்தின் கணக்கு அப்படியே தப்பித்துவிடுகிறது.

இன்னொரு பலவீனமும் உண்டு. அமைச்சராக இருப்பவர் பிஏசியில் இருக்க முடியாது என்பது விதி; நல்ல விதி. ஆனால் 2015 ஜூலையில் அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி மீதான விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, குழுத் தலைவரும் சில உறுப்பினர்களும் அரசாங்கப் பதவிகளில் அமர்த்தப்பட்டார்கள். விசாரணை பாதியில் நின்றது. அறிக்கை 2016 ஏப்ரலில்தான் வந்தது. தலைமைக் கணக்காய்வாளரின் 1எம்டிபி அறிக்கையோ அரசாங்க இரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டப்பட்டு, ஆட்சி மாறிய பின் 2018 மே மாதம் திறக்கப்பட்டது. அன்று செய்தி பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வாசல் பதிவேட்டோடு நின்ற அந்த இளம்பெண் நினைவுக்கு வந்தார். அவரைப் போன்றவர்கள் தேடிக் கண்டதைத்தானே பூட்டி வைத்திருந்தார்கள்.

அடுத்த முறை கணக்காய்வு அறிக்கை வெளிவரும்போது, தலைப்புச் செய்தியில் வரும் தொகையோடு நிற்காதீர்கள். அந்தக் குறைக்கு நிறுவனம் என்ன பதில் எழுதியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தேதி கடந்த பிறகு, அதே கேள்வியை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். நான் இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். ஒரு முறை பதில் வந்தது.