ஒரே தொகை அபராதம் எல்லோருக்கும் ஒரே தண்டனையா?

"விதியை மீறியவர் யாராக இருந்தாலும் ஒரே தொகையை அபராதமாக வாங்குவதுதானே சட்டத்தின் முன் சமத்துவம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொகை சமமாக இருப்பதால் தண்டனையும் சமமாகிவிடாது என்பதே என் பதில்.

உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுவதற்கான அபராதம் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தால் 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு இது பல நாள் கூலி. வசதி படைத்தவருக்கோ ஒரு மாலை உணவகத்தில் செலவாகும் பணம். முன்னவர் தண்டிக்கப்படுகிறார், பின்னவர் கட்டணம் செலுத்திவிட்டுப் போகிறார்.

குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்த ஆண்டுகளில் இதை நேரில் கண்டிருக்கிறேன். "அபராதம் கட்டத் தவறினால் மேலும் ஒரு மாதம் வெறுங்காவல்", அதாவது கடின உழைப்பில்லாத சிறை, என்று தீர்ப்பு வாசிக்கப்பட்டதும், பணம் உள்ளவர்கள் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். ஒருமுறை, காதுத் தோட்டை அடகு வைத்துப் பணம் புரட்டப் போன ஒரு பெண் திரும்பி வருவதற்குள் அலுவலக நேரம் முடிந்துவிட்டதால், அவருடைய கணவர் அன்றிரவு கிளைச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் செய்த குற்றத்துக்காக அல்ல, கையில் பணம் இல்லாததற்காகவே அந்த இரவைச் சிறையில் கழித்தார் என்று இன்றும் நினைக்கிறேன்.

சமய நூல்கள் இந்த வேறுபாட்டை வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தன. பாவநிவாரணத்துக்கு ஆட்டைக் கொண்டுவர வசதியில்லாதவர் இரண்டு புறாக்களையும், அதற்கும் வழியில்லாதவர் சிறிதளவு மாவையும் கொண்டுவரலாம் என்கிறது பைபிளில் உள்ள லேவியராகமத்தின் 5ஆம் அதிகாரம். சத்தியத்தை முறித்தவர் பத்து ஏழைகளுக்கு, தம் குடும்பத்தாருக்கு அளிக்கும் நடுத்தரமான உணவை அளிக்கலாம் என்றும், எதற்கும் இயலாதவர் மூன்று நாள் நோன்பு இருக்க வேண்டும் என்றும் குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் கூறுகிறது. சாதாரண மனிதனுக்கு ஒரு பணம் தண்டமாகும் இடத்தில் அரசனுக்கு ஆயிரம் என்று மனுஸ்மிருதியிலும் உண்டு. ஆயினும் பிராமணருக்கு மரண தண்டனைக்குப் பதிலாகத் தலையை மழித்தால் போதும் என்று சொல்லும் நூலை நான் முன்மாதிரியாக ஏற்கமாட்டேன்.

பின்லாந்து 1921 முதல் 'நாள் அபராதம்' என்ற முறையைப் பின்பற்றுகிறது. குற்றத்தின் கடுமை எத்தனை நாள் என்பதையும், குற்றவாளியின் வருமானம் ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதையும் தீர்மானிக்கின்றன. மணிக்கு 50 கிலோமீட்டர் எல்லையில் 82 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ஒரு கோடீஸ்வரருக்கு 2023இல் 1,21,000 யூரோ விதிக்கப்பட்டது.

ஊதியச் சீட்டே இல்லாதவர்கள் பெரும்பான்மையாக உள்ள நம் நாட்டில் இம்முறையை அப்படியே கொண்டுவர முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறொரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சமூக சேவையையும் தண்டனைகளில் ஒன்றாகச் சேர்த்தது. எனினும், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடித் திருப்பிக் கொடுப்பது போன்ற ஒரு சில குற்றங்களோடு அதை நிறுத்திக்கொண்டது. அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தில்கூட, 5,000 ரூபாய்க்குள்ளான தொகையைக் கட்டாதவரை இரண்டு மாதம் வரை வெறுங்காவலில் வைக்க அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு இடம் தருகிறது. கட்ட மனமில்லாதவரையும் கட்ட இயலாதவரையும் நடுவர் விசாரித்துப் பிரித்தறிந்து, இயலாதவருக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவையை விதிக்க அந்தப் பிரிவில் ஒரு திருத்தம் செய்தால் போதும்.