தொழிலதிபர் ஒருவர் வாங்கிச் சேர்த்த ஓவியங்களை வைத்து உருவான கூடத்துக்குப் போவது பிரயோசனமா?

போகலாம். ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

நான் பார்த்தது சூரிச்சில் இருக்கும் பியூர்லே சேகரிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது பெறாமகள் கூட்டிக்கொண்டு போனாள். அக்கா வரவில்லை. அந்த டிக்கெட் காசுக்கு ஒரு கிழமைக்கு மரக்கறி வாங்கலாமாம்.

எமில் பியூர்லே ஜெர்மனியில் பிறந்தவர். சூரிச்சில் ஓர்லிகோன் தொழிற்சாலையை நடத்தி, விமான எதிர்ப்புப் பீரங்கிகளை விற்றார். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் வாங்கின. 1940 இல் பிரான்ஸ் விழுந்ததும் ஹிட்லரின் ஜெர்மனி வாங்கியது. போர் முடியும்போது சுவிஸின் முதல் பணக்காரர் அவர்தான். 1956 இல் இறக்கும்வரை ஏறத்தாழ 600 படைப்புகள் வாங்கினார். அவற்றில் 200 அளவில் 1960 இல் குடும்பம் தொடங்கிய அறக்கட்டளைக்குப் போய், முதலில் ஒரு மாளிகையிலும் 2021 முதல் சூரிச்சின் ஓவியக் கூடமான குன்ஸ்ட்ஹவுஸின் புதுக் கட்டடத்திலும் இருக்கின்றன. (2008 இல் அந்த மாளிகைக்குள் துப்பாக்கியோடு புகுந்து நான்கு ஓவியங்களைக் கொள்ளையடித்தார்கள். ஆயுத வியாபாரியின் சேகரிப்புக்கு நடந்ததைப் பாருங்கள். பிறகு நான்கும் கிடைத்துவிட்டன.)

படங்கள் அருமை, அதில் சந்தேகமே இல்லை. வான்கோவின் விதைப்பவன் படத்தில் மஞ்சள் சூரியன் விவசாயியின் தலைக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அச்சில் பார்த்து அந்த நிறம் பிடிபடாது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1880 இல் வரைந்த சின்ன இரேன். நீல உடுப்பு, விரித்துவிட்ட செம்பட்டை முடி. யூதக் குடும்பத்துப் பிள்ளை. நாஜிகள் அந்தப் படத்தைப் பறித்தார்கள். இரேனின் மகளும் பேரப்பிள்ளைகளும் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். 1946 இல் படம் இரேனிடம் திரும்பி வந்தது. 1949 இல் அவர் விற்றார். வாங்கியவர் பியூர்லே.

1995 போரில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த பிறகு வீடு திரும்பி, பெட்டகமும் நிலைக்கதவும் இல்லாத வெறும் சுவரைப் பார்த்த சனம் நாங்கள். போன சாமான் யார் வீட்டில் இருக்கிறதோ என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் சுவிஸ்காரருக்கு அரசியல் விவாதமாக இருப்பது எனக்கு வீட்டுக் கதையாகவே பட்டது. பெறாமகளுக்கு அப்படியில்லை. "சட்டப்படி காசு கொடுத்துத்தானே சித்தி வாங்கினார்?" என்று கேட்டாள். கேள்வி நியாயம்தான். ஆனால் உலகப் போருக்குப் பிறகு பியூர்லேயிடமிருந்த 13 படைப்புகள் கொள்ளைப் பொருள் என்று சுவிஸ் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, அவற்றில் பலவற்றை அவரே மறுபடி விலைக்கு வாங்கினார். 2024 இல் கூட, எப்படி வந்தவை என்ற சந்தேகத்தால் சில படங்களைச் சுவரிலிருந்து இறக்கினார்கள்.

போனால் சின்ன எழுத்தில் இருக்கும் உரிமையாளர் விவரத்தை விடாமல் வாசியுங்கள். மொழி சிக்கலென்றால் அங்கேயே வளர்ந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை பூட்டு.