தாய் மீன் தாங்கும் உப்பை முட்டை தாங்குமா?

கேள்வி: சீர்காழி அருகே சிறிய அளவில் ரோகு, கட்லா ஆகிய கெண்டை இன மீன்களின் குஞ்சு பொரிக்கிறேன். ஆழ்குழாய்க் கிணற்று நீர் இந்த ஆண்டு உப்பேறி, லிட்டருக்கு 6 கிராம் காட்டுகிறது. தாய் மீன்கள் அதே நீரில் நன்றாகவே இருக்கின்றன. முட்டைகள்தான் பெரும்பாலும் வெளுத்துவிடுகின்றன. பொரிந்த குஞ்சுகளும் இரண்டு நாளில் சாகின்றன. ஏன்?

பதில்: தாய் மீனுக்குச் செவுளும் சிறுநீரகமும் முழுமையாக வேலை செய்கின்றன. அது சமாளிக்கும். முட்டைக்கு அந்த வசதி இல்லை.

முதல் கண்டம் கருவுறும் நேரத்திலேயே வருகிறது. கெண்டை இன மீன்களின் விந்தணு நன்னீர் பட்டதும்தான் துள்ளி நீந்தத் தொடங்கும். அதுவும் ஓரிரு நிமிடங்களுக்குத்தான். நீரில் உப்பு ஓர் அளவைத் தாண்டினால் அந்தத் துள்ளல் மங்கும். முட்டை அந்த நேரத்துக்குள் கருவுறாவிட்டால் சில மணி நேரத்தில் வெளுத்துவிடும்.

அடுத்தது உப்பல். சிறிதாக இருக்கும் முட்டை நீரை உறிஞ்சி 4, 5 மில்லிமீட்டராகப் பருக்கிறது. உள்ளே சேரும் அந்த நீர்தான் கருவுக்கு மெத்தை. உப்பு நீரில் முட்டை போதிய அளவு பருப்பதில்லை. பொரிந்த குஞ்சுக்கும் செவுள் முழுமையாக வளர்ந்திராது. தோலிலும், வயிற்றில் ஒட்டியிருக்கும் கருவுணவுப் பையிலும் உள்ள செல்களே உப்பைக் கட்டுப்படுத்துகின்றன. வளர்ச்சிக்கு வேண்டிய கருவுணவு அந்தப் போராட்டத்தில் கரைந்துவிடுகிறது.

ஆனால் பழியை உப்பின் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆழ்குழாய் நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் இரும்பு மிகுதியாகவும் இருப்பதுண்டு. ஒரு நாள் முழுக்கக் காற்றூட்டித் தெளிய விடுங்கள். பிறகு ஒரே தாயின் முட்டையையும் ஒரே ஆணின் விந்தையும் நீர் படாமல் கலந்து மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் தெளிந்த வாய்க்கால் நீர், ஒன்றில் இரண்டும் சரிபாதி ஊற்றுங்கள். ஆறு மணி நேரம் கழித்து வெளுத்தவற்றை எண்ணினால் காரணம் கைக்கு வந்துவிடும்.

உப்புதான் என்றால், நல்ல நீரைக் குளம் முழுவதற்கும் தேடி அலைய வேண்டாம். முட்டையிடும் தொட்டிக்கும் பொரிப்புத் தொட்டிக்கும் மட்டும் போதும்: பொரிக்க 14 முதல் 18 மணி நேரம், கருவுணவு தீர மூன்று நாள். மழை நீரையோ வாய்க்கால் நீரையோ சேமித்து, உப்பை லிட்டருக்கு 1 கிராமுக்குள் வைத்திருங்கள். பிறகு குஞ்சுகளை நாற்றங்கால் குளத்தில் விடும்போது, அந்தக் குளத்து நீரைச் சிறிது சிறிதாகத் தொட்டியில் சேர்த்து, இரண்டு மூன்று நாளில் பழக்கிவிட்டு இறக்குங்கள்.