நிலத்தை விற்கும் முன் இ.எஸ்.ஐ. அட்டையை எடுங்கள்

கேள்வி: என் மனைவிக்கு 32 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான்கு வருடமாக செக்கிங் வேலை. சம்பளம் 15,000, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். குழந்தைகளுக்கு 7, 3 வயது. மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். எலும்புக்கும் பரவிவிட்டது, ஹெர்-2 பாசிட்டிவ் என்கிறார்கள். கோவையில் தனியார் மருத்துவமனையில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி. வருடத்துக்கு 14 லட்சம் ஆகும் என்று எஸ்டிமேட் தந்திருக்கிறார்கள். இதுவரை 2.8 லட்சம் செலவாகிவிட்டது. கையில் 9 பவுன், மூன்று சென்ட் இடம். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு பி.எஃப். பணத்தை எடுக்கலாமா? இடத்தை விற்கலாமா? ஆன்லைனில் நிதி திரட்டலாமா? தெரிந்தவர் ஒருவர் மூணு ரூபா வட்டிக்குத் தர ரெடி.
– திருப்பூர் வாசகர்

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் உங்கள் மனைவி இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) காப்பீட்டாளர். புற்றுநோய்க்கு அவர் இ.எஸ்.ஐ. வழியாகவே சிகிச்சை பெறலாம். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அந்த வசதி இல்லையென்றால் ஒப்பந்த மருத்துவமனைக்கு ரெஃபரல் தருவார்கள். பில் அங்கிருந்து நேராக இ.எஸ்.ஐ.க்குப் போகும். ராஜினாமா செய்தால் கம்பெனி சந்தா கட்டுவதை நிறுத்திவிடும், கொஞ்ச நாளில் இந்த உரிமையும் போய்விடும். பி.எஃப்.பில் இருக்கும் கொஞ்சப் பணத்துக்காக பல லட்சத்தை விடுகிற கணக்கு இது.

சிகிச்சை மட்டுமல்ல, வருமானமும் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு முதல் 91 நாள் வரை சராசரி தினக்கூலியில் 70 சதவீதம். அதன்பின் புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட நோய்களுக்கு நீட்டித்த நோய்க்கால உதவி 80 சதவீதம், இரண்டு வருடம் வரை நீளலாம். தினக்கூலி 500 என்றால் முதலில் நாளுக்கு 350, பிறகு 400. மாதம் சுமார் 12,000. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், கடைசி நான்கு சந்தா காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நான்கு வருட வேலைக்கு இது தாராளமாக வரும், சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருந்தால்.

அந்த ‘இருந்தால்’தான் பலருக்கு இடிக்கிற இடம். கான்ட்ராக்டர் வழியாக வேலை செய்பவர்களுக்கு சம்பளத்தில் பிடித்திருப்பார்கள், கட்டியிருக்க மாட்டார்கள். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டு எண்ணைப் போட்டு சந்தா விவரத்தை இன்றே பாருங்கள். ஆதார் பெயரும் அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இனிஷியல் மாறியதாலேயே கிளெய்ம் நின்றுபோவது சகஜம். லீவுக்கான சான்று இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் வாங்கியதாக இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனைச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துப் போனால் இழுபறிதான்.

ஏற்கெனவே கட்டிய 2.8 லட்சத்தைத் திரும்பப் பெறுவது கடினம். ரெஃபரல் இல்லாமல் நாமாகப் போய்ச் செய்த செலவை, உயிருக்கு ஆபத்தான அவசரம் என்று காட்டினால் தவிர, ஏற்கத் தயங்குவார்கள். மனுப் போடுங்கள், அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். பிரதமர் தேசிய நிவாரண நிதியும் இப்படித்தான். கட்டி முடித்த ரசீதுக்குப் பணம் வராது, இனி கட்ட வேண்டிய எஸ்டிமேட்டுக்குத்தான் பகுதி உதவி; அதுவும் அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போகும். இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ, முகவரிச் சான்று, வருமானச் சான்று, நோயும் செலவும் குறிப்பிட்ட அசல் மருத்துவச் சான்று வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருட வருமான வரம்பு 1,20,000. உங்கள் மனைவி சம்பளமே 1,80,000 வருகிறது. 96,000 என்று சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். ஒரு சம்பள ரசீது போதும், அது கவிழ்ந்துவிடும்.

இனி அந்த 14 லட்சம். பரவிய நிலையில் இந்த ஊசி ஒரு வருடத்தோடு நிற்காது, நோய் கட்டுக்குள் இருக்கும்வரை தொடரும். அதனால் மொத்தத் தொகையை விட்டுவிட்டு ஒரு சைக்கிளுக்கு, அதாவது ஒரு முறை ஊசி போட, எவ்வளவு என்று கேளுங்கள். மருந்து ட்ராஸ்டுசுமாப் (ஹெர்-2 என்ற புரதம் அதிகமுள்ள புற்றுநோய்க்குப் போடுவது) என்றால், அதற்கு நிகராக நம் நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் பயோசிமிலர் 2014 முதல் கிடைக்கிறது. எம்.ஆர்.பி.க்கும் விநியோகஸ்தர் தரும் விலைக்கும் பெரிய இடைவெளி இருக்கும். மருத்துவமனைக் கடை பெரும்பாலும் எம்.ஆர்.பி.யையே போடும். வெளியில் வாங்க அனுமதி கிடைத்தால் பேட்ச் எண்ணுடன் பில், 2 முதல் 8 டிகிரி குளிரில் கொண்டுவரும் ஏற்பாடு, இரண்டும் கட்டாயம்.

இன்னொரு கணக்கு. மூன்று வார முறையில் முதல் டோஸ் கிலோவுக்கு 8 மி.கி., பிறகு 6. எடை 55 கிலோ என்றால் முதலில் 440, அடுத்து 330 மி.கி. 440 மி.கி. குப்பியில் 330 போக 110 மிஞ்சும். கிருமித் தடுப்பு நீரோடு வரும் பெரிய குப்பியைக் கலக்கிய பின் குளிரில் 28 நாள் வைக்கலாம்; அடுத்த ஊசி 21-ம் நாள். மிச்சத்தை அவருக்கே சேமித்துப் போடுவார்களா என்று கேளுங்கள். எல்லா பிராண்டுக்கும் இது பொருந்தாது, முடிவு டாக்டருடையது. ஆனால் கேட்காவிட்டால் நான்கில் ஒரு பங்கு மருந்து குப்பைக்குப் போகலாம். உடன் பெர்டுசுமாப் என்ற இன்னொரு ஹெர்-2 மருந்தும் இருந்தால் அதற்கு மருந்து நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டம் உண்டா என்றும் விசாரியுங்கள்.

மூணு ரூபா வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். லட்சத்துக்கு மாதம் 3,000. அதே லட்சம் வங்கி நகைக்கடனில் மாதம் ஆயிரத்துக்குள் அடங்கும். ரெஃபரல் கைக்கு வரும்வரை ஒரு சைக்கிளைக் கடக்க 3 பவுனை மட்டும் வையுங்கள். போதாவிட்டால் பி.எஃப்.பில் நோய்க்கான முன்பணம் ஆன்லைனில் கேட்கலாம். திருப்பிக் கட்ட வேண்டாம், வேலையை விடவும் வேண்டாம். இடத்தை இப்போது தொடாதீர்கள். அவசரத்தில் விற்கிறவனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று திருப்பூரில் சொல்லித் தர வேண்டியதில்லை.

நிதி திரட்டும் தளங்களை இ.எஸ்.ஐ. தராத மருந்து ஏதாவது இருந்தால் மட்டும் பாருங்கள். பணம் மருத்துவமனைக் கணக்குக்குப் போனபின் நீங்கள் வேறு மருத்துவமனைக்கு மாறினால் மீதி என்னவாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். உறவினரல்லாதவர்கள் தருவது ஒரு நிதியாண்டில் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானக் கணக்கில் வரும். வரி வராமல் போகலாம், ஆனாலும் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

கேட்கக் கஷ்டமான ஒன்றும் உண்டு. பி.எஃப்.போடு இணைந்த ஆயுள் காப்பீடு 7 லட்சம் வரை, வேலையில் இருப்பவருக்குத்தான். அவர் பி.எஃப். கணக்கில் நாமினி பதிவாகியிருக்கிறதா பாருங்கள். வங்கியில் வருடத்துக்கு 436 ரூபாய் பிடிக்கும் பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு ஏற்கெனவே போட்டிருந்தால் மே கடைசியில் கணக்கில் அந்தப் பணம் இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட், ஹெர்-2 ரிப்போர்ட், பெட் ஸ்கேன், இதுவரை போட்ட ஊசிகளின் அட்டவணை, எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ். பயாப்ஸியின் பாரஃபின் பிளாக்கையும் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டி) தனியார் மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டு வாங்கி வையுங்கள். அது இல்லையென்றால் சோதனையை மறுபடி எடுக்கச் சொல்வார்கள், இரண்டு வாரம் போய்விடும்.